சிட்டுயின் பழகிய கைக்குச் செஸ்: ரங்கூன் நாட்குறிப்பு

ஜூன் 1, 2025
டீக்கடையில் சிட்டுயின் என்ற பர்மியச் சதுரங்கம் ஆடிப் பழகியவர்கள் செஸ்ஸுக்கு வந்தால் முதல் குழப்பம் பெயரில்தான். நாம் யானை என்பது மூலையில் நிற்கும் காய். பர்மியர் ‘சின்’, அதாவது யானை என்பது வேறு காய்: நேர் முன்னே ஒரு கட்டம், இல்லையென்றால் குறுக்கே ஏதாவது ஒரு பக்கம் ஒரு கட்டம். நம்முடைய யானைக்கு அங்கே தேர் என்று பெயர். சொல்லிக்கொடுக்கும்போது மூலைக் காயை ரூக், குறுக்கே ஓடும் காயை பிஷப் என்றே சொல்லிவிடுவது நல்லது.

ஜூன் 4
பிஷப் தொலைவிலிருந்து வெட்டும் என்பது இவர்கள் கண்ணில் படுவதே இல்லை. சிட்டுயினில் குறுக்கே போகும் காய்கள் ஒரு கட்டத்தோடு நின்றுவிடும். கண்ணும் அங்கேயே நின்றுவிடுகிறது. அதனால்தான் நாலே நகர்த்தலில் மேட் வாங்குகிறார்கள், அதாவது ராஜா தப்ப வழியில்லாமல் தோற்கிறார்கள். கட்டத்தின் பெயரில் எழுத்து நெடுவரிசை, எண் குறுக்குவரிசை. வெள்ளைச் சிப்பாய் ஈ4, கருப்புச் சிப்பாய் ஈ5. வெள்ளை ராணி எச்5. கருப்புக் குதிரை சி6. வெள்ளை பிஷப் சி4. இப்போது கருப்பு இன்னொரு குதிரையை எஃப்6-இல் வைத்தால் ராணி எஃப்7-ஐ வெட்டி மேட். எஃப்7 சிப்பாய்க்கு ராஜா ஒருவரே காவல். சி4 பிஷப் துணை நிற்பதால் அவரால் ராணியை வெட்ட முடியாது. மூன்றாம் நகர்த்தலில் குதிரைக்குப் பதில் கருப்பு ஜி6-க்குச் சிப்பாயை ஆடினால் போதும், ராணி நகர்ந்தாக வேண்டும்.

காயைத் தொடுமுன் எதிராளியின் பிஷப், ராணி ஒவ்வொன்றின் குறுக்குக் கோட்டையும் பலகை விளிம்பு வரை கண்ணால் ஓட்டிப் பார்க்க வேண்டும். இரண்டு வாரம் இது ஒன்றைச் செய்தாலே காய் இழப்பது பாதியாவது குறையும் என்பது என் கணிப்பு.

ஜூன் 9
சிப்பாய். சிட்டுயினில் சிட்கே (ராணி இடத்தில் இருக்கும் தளபதிக் காய்) வெட்டுப்பட்ட பிறகுதான் சிப்பாய் சிட்கே ஆக முடியும். அந்த நினைப்பில், ராணி உயிரோடு இருக்கும்போது கடைசி வரிசைக்குச் சிப்பாயைத் தள்ளத் தயங்குகிறார்கள். செஸ்ஸில் அந்தத் தடை இல்லை. இரண்டாவது ராணி தாராளமாக வரலாம். இரட்டை அடி (சிப்பாய் முதல் நகர்த்தலில் இரண்டு கட்டம் போவது), ஆன் பாசான் (அப்படி இரட்டை அடி வைத்துப் பக்கத்தில் வந்த சிப்பாயை அடுத்த நகர்த்தலிலேயே நம் சிப்பாய் வெட்டுவது), கோட்டை கட்டுவது (ராஜாவையும் ரூக்கையும் ஒரே நகர்த்தலில் நகர்த்துவது) மூன்றும் அவர்களுக்குப் புதிது. தனியாக உட்கார்ந்து பழக வேண்டும்.

ஜூன் 15
ராணியும் ராஜாவும் சேர்ந்து தனி ராஜாவை மேட் செய்வது. எதிரி ராஜாவிலிருந்து குதிரைத் தாவல் தூரத்தில் ராணியை வைத்துத் துரத்தினால் அவர் ஓரத்துக்குப் போவார். மூலைக்கு வந்ததும் துரத்துவதை நிறுத்த வேண்டும். ராஜா ஏ8-இல் இருக்க ராணி பி6-க்கு வந்தால் நகர இடமில்லை, செக்கும் இல்லை: ஸ்டேல்மேட், ஆட்டம் டிரா. ராணியை டி7-இல் நிறுத்தினால் அவருக்கு ஏ8, பி8 இரண்டே கட்டம். நம் ராஜாவை நிதானமாகப் பி6 வரை நடத்தி வந்து, ராணியைப் பி7-இல் வைத்தால் மேட்.