தோமையாரின் குகையில்

அப்பாவின் நேர்ச்சை இது. தம்பிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் சென்னையில் சின்னமலை, பரங்கிமலை, சாந்தோம் கோயில்கள் மூன்றுக்கும் ஒரே நாளில் குடும்பத்தோடு வருவதாக, இயேசுவின் சீடரான புனித தோமையாரிடம் நேர்ந்துகொண்டார். தம்பி எழுந்து நடமாடுகிறான். நேர்ந்தவர்தான் ஆண்டவரிடம் போய்விட்டார்.

நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். காரணம் பயம். அப்பாவின் அடக்கத்துக்குப் பிறகு செபமாலையை எடுத்தாலே நெஞ்சை அடைக்கும். முட்டிபோட்டு, முழுமனதாகக் கூப்பிட்டும் எதிரே யாரும் இல்லை என்று தோன்றிவிட்டால்? கூப்பிடாதவரை ஆண்டவர் இருக்கிறார் என்றாவது நினைத்துக்கொண்டு காலம் தள்ளலாமே. இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

அம்மாதான் ஒரு சனிக்கிழமை விடியற்காலை வந்து எழுப்பினார். “கிளம்பும்மா, உங்க அப்பா வாக்கு கொடுத்திருக்கார்.”

சின்னமலை மெட்ரோவில் இறங்கியதுமே ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். நடக்கிற தூரத்துக்கு அவர்கள் கேட்ட காசு அநியாயம். கோயிலை நெருங்கினால், வேண்டாம் என்றாலும் கையில் மெழுகுதிரியைத் திணிக்கிறார்கள். முட்டிவலியோடு வரும் வயதானவர்களை இப்படி மறித்து நிறுத்துவது பெரிய கொடுமை.

துரத்தி வந்தவர்களிடமிருந்து தோமையார் மறைந்திருந்த குகை இங்கே இருக்கிறது. அதன் திறப்பு வழியாகத்தான் அவர் பரங்கிமலைக்குத் தப்பிப் போனார் என்று நம் முன்னோர் சொல்லி வந்திருக்கிறார்கள். 1551-ல் போர்த்துக்கீசியர் கோயில் கட்டிய இடம். உள்ளே போகக் குனிய வேண்டும். எனக்கு முன்னால் ஒரு கூட்டம் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நகராமல் நின்றது, பின்னாலிருந்து தள்ளுமுள்ளு. எனக்கு மூச்சு முட்டியது. திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். தம்பி என் தோளில் கைவைத்து, “போ அக்கா, நான் பின்னாடியே இருக்கேன்” என்றான்.

உள்ளே பாறையைத் தொட்டேன். வெளியே அத்தனை வெயில், பாறை சில்லென்றிருந்தது. எத்தனையோ கைகள் தடவித் தடவி வழவழப்பாகிக் கிடந்தது.

இங்கே ஒளிந்திருந்தவர்தானே “நாமும் செல்வோம், அவரோடு இறப்போம்” என்று மற்றச் சீடர்களிடம் சொன்னவர். உயிர்த்த ஆண்டவர் முதலில் வந்த மாலையில் மற்றவர்கள் பயந்துபோய்க் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருந்தார்கள். இவர் அங்கே இல்லை. அப்புறம், பார்க்காமல் நம்ப மாட்டேன் என்று மனதில் பட்டதைச் சொன்னார். அதற்காக ஆண்டவர் அவரைத் தள்ளிவிடவில்லையே! எட்டு நாள் கழித்து அவர் இருக்கும்போதே வந்து, காயத்தைக் காட்டி, தொட்டுப் பார் என்றார். என் பயத்தையும் அவரிடமே சொல்லிவிடலாம் என்று அப்போதுதான் எனக்குத் தைரியம் வந்தது. “ஆண்டவரே, கூப்பிடவே பயமாயிருக்கிறது” என்றேன். எரிகோவில் பார்வையற்ற பர்த்திமேயு இயேசுவிடம் கேட்டது வாயில் வந்தது: நான் பார்வை பெறவேண்டும்.

அப்பாவின் கடைசி இரவு கண்முன் வந்தது. அதுவரை அதை நினைத்தாலே மானிட்டரும் ட்யூபும்தான் தெரியும். குகையில் அவருடைய வலது கை தெரிந்தது. போர்வைமேல் கட்டைவிரல் ஆள்காட்டி விரலை உரசி, நின்று, மறுபடி உரசி, மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. செபமாலையை நர்ஸ் கழற்றி மேசையில் வைத்திருந்தார். கையில் மணி இல்லாமலே அப்பா சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், மானிட்டரை மட்டுமே பார்த்திருந்தேன். அப்பா தனியாகச் சாகவில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தார், கேட்கிறவர் அங்கே இருந்தார். பின்னாலிருந்தவர்கள் நகரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள். எனக்கு அழுகை நிற்கவில்லை.

பரங்கிமலையில் படியேறியே தீருவேன் என்று அம்மா பிடிவாதம். ஒவ்வொரு திருப்பத்திலும் உட்கார்ந்து, அருள்நிறை மரியே சொல்லி, மறுபடி ஏறினார். 1547-ல் அங்கே தோண்டும்போது கிடைத்த கற்சிலுவை பீடத்தில் இருக்கிறது. அதன்முன் எதையும் கேட்கத் தோன்றவில்லை, வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றேன்.

சாந்தோம் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. தோமையாரின் கல்லறைச் சிற்றாலயத்தில் அவ்வளவாகக் கூட்டமில்லை. தம்பி முட்டிபோட்டான். ஆபரேஷனுக்குப் பிறகு அவன் முட்டிபோட்டு நான் பார்த்தது அன்றைக்குத்தான். உயிர்த்த ஆண்டவரிடம் தோமையார் சொன்னதையே, “என் ஆண்டவரே, என் கடவுளே” என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன், பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்தார். இயேசுவே உமக்கு நன்றி. தம்பியைத் திருப்பித் தந்ததற்கு, அம்மா அத்தனை படியும் ஏறியதற்கு, அப்பாவின் அந்த விரலை எனக்குக் காட்டியதற்கு. புனித தோமையாரே, உமக்கும் நன்றி.