ஏறும்போதே சூடாகும் முன் பிரேக்

ஏற்காட்டிலிருந்து இறங்கி அடிவாரம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, முன் சக்கரத்தை மோந்து பார்த்து, "பிரேக் ஜாம் ஆயிடுச்சு" என்று முடிவுகட்டுபவர்கள் நிறையப் பேர். அந்த இடத்தில் நின்றுகொண்டு அப்படிச் சொல்லவே முடியாது. ஆளும் மூட்டையுமாக 2,000 கிலோ வரும் பழைய குவாலிஸோ டவேராவோ ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரம் இறங்கினால், கழிய வேண்டிய ஆற்றல் சுமார் ஆறு யூனிட் மின்சாரத்துக்குச் சமம். எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொண்டது போக மீதி முழுக்க பிரேக்கில்தான் சூடாக இறங்குகிறது, அதிலும் பெரும்பங்கு முன் டிஸ்க்கில். நல்ல பிரேக்கும் அங்கே நாறத்தான் செய்யும்.

உண்மையைச் சொல்வது ஏற்றம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறும்போது பிரேக்குக்கு வேலை குறைவு. மேலே ஏரிக்கரையில் நிறுத்தியதும் நான்கு சக்கரத்தின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். முன்பக்கம் ஒரு சக்கரம் மட்டும் அனல் அடித்தால் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. வீல் நட்டின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டால் "சுர்" என்று ஆவியாகும். சொட்டு நட்டின் மேல்தான், டிஸ்க்கில் வேண்டாம். சூடான டிஸ்க்கில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் ஊற்றுவது கெட்ட பழக்கம். வார்ப்பிரும்பு கோணும், சில சமயம் விரிசலும் விடும். நிழலில் அரை மணி நேரம் நிறுத்தினாலே போதும்.

மலை ஏற நேரமில்லையென்றால் சீலநாயக்கன்பட்டி தாண்டி நாமக்கல் ரோட்டில் மல்லூர் வரை போய் வாருங்கள். கூடிய மட்டும் பிரேக்கைத் தொடாமல் ஓட்டி, கடைசியில் ஆக்சிலரேட்டரை விட்டு, கியரைக் குறைத்து, வேகம் தானாக அடங்கிய பிறகு நிறுத்துங்கள். கையில் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் இருந்தால் இரண்டு முன் டிஸ்க்கையும் ஒரே இடத்தில் குறிபார்த்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். இடது வலதுக்கு நடுவே 30 டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் சூடான பக்கத்தைக் கழற்றியே ஆக வேண்டும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கொதித்தால் காலிப்பரை (டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) விட்டுவிட்டு மாஸ்டர் சிலிண்டர் (பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை அழுத்தி அனுப்பும் பாகம்) பக்கம் சந்தேகப்படுங்கள்.

இனி வீட்டு வேலை. சமதரையில் நிறுத்தி, பின் சக்கரத்துக்குக் கல் வைத்து, ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு போடுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பிக் கை விடாதீர்கள். முக்கியமான ஒன்று: பிரேக் சூடாக இருந்து பிடித்துக்கொண்டிருக்கும்போதே சோதிக்க வேண்டும். ராத்திரி முழுக்க ஆறவிட்டுக் காலையில் சுற்றிப் பார்த்தால் பல நேரம் சக்கரம் இலவம்பஞ்சாகச் சுற்றும், ஒன்றுமே இல்லை என்று தோன்றும்.

சக்கரம் கையால் சுற்றக் கடினமாக இருக்கிறதா? காலிப்பரின் பிளீடிங் நிப்பிளில் (ஆயிலை வெளியே விடும் சிறு திருகு) ஒரு டியூபைச் செருகி, மறுமுனையை பாட்டிலில் விட்டு, நிப்பிளைக் கால் சுற்று மட்டும் திறங்கள். சூடான ஆயில் பீய்ச்சும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஆயில் வேகமாக வந்து சக்கரம் உடனே விடுபட்டால் உள்ளே அழுத்தம் சிக்கியிருந்திருக்கிறது. அப்படியானால் கோளாறு ஹோஸிலோ (காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் குழாய்) மாஸ்டர் சிலிண்டரிலோ இருக்கிறது. திறந்தும் சக்கரம் இறுக்கமாகவே இருந்தால் பேடைத் தள்ளும் பிஸ்டன், காலிப்பர் நகரும் பின் (ஊசி), டிஸ்க்கை உரசும் பேட் இந்த மூன்றில் ஒன்று. இந்த ஒரு கால் சுற்றைச் செய்யாமல் நேராகக் காலிப்பரை மாற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். பணம் போகும், சூடு போகாது.

அழுத்தம் சிக்கிய வழக்கில் அடுத்த படி: நிப்பிளை மூடி, யாரையாவது பிரேக்கை மிதித்து விடச் சொல்லுங்கள். சக்கரம் மறுபடி பிடித்துக்கொள்ளும். இப்போது ரப்பர் ஹோஸ் இரும்புப் பைப்போடு சேரும் மேல் இணைப்பைத் தளர்த்துங்கள். அங்கே தளர்த்தியும் சக்கரம் விடாமல், கீழே நிப்பிளைத் திறந்ததும் விட்டால் ஹோஸ்தான் குற்றவாளி. ஹோஸின் உள்தோல் வீங்கி அடைத்துக்கொள்ளும். கால் கொடுக்கும் அழுத்தம் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், திரும்பி வரும் ஆயிலைத் தள்ள ஆளில்லை. வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும். பேட் மாற்றும்போது காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிடுவதும் இதற்கு ஒரு காரணம். கம்பி போட்டு ஸ்பிரிங்கில் கட்டித் தொங்கவிட வேண்டும். மாற்றினால் இரண்டு பக்க ஹோஸும், புதுச் செம்பு வாஷரும்.

மேல் இணைப்பைத் தளர்த்தியதுமே விட்டால் மாஸ்டர் சிலிண்டர். இதற்கு அடையாளம் உண்டு: ஓட ஓடப் பெடல் உயர்ந்து கல்லாகும், ஆறியதும் சரியாகும். மாஸ்டரை, மிதிக்கும் பலத்தைக் கூட்டும் பூஸ்டரோடு பிடிக்கும் இரண்டு நட்டையும் தளர்த்தி, மாஸ்டரை 2-3 மி.மீ. முன்னால் இழுங்கள். சக்கரம் விட்டால் மாஸ்டரின் பிஸ்டனைத் தள்ளும் புஷ்ராடு நீளமாக இருக்கிறது. பிஸ்டன் முழுசாகத் திரும்பாததால் ஆயில் டேங்குக்குப் போகும் சிறு துளை மூடியே கிடக்கிறது. புது மாஸ்டர் போட்ட பிறகோ, பெடலுக்கு மேலிருக்கும் பிரேக் லைட் சுவிட்சை இறுக்கி வைத்த பிறகோ தொல்லை ஆரம்பித்திருந்தால் இங்கேதான் பாருங்கள்.

ஆயில் டேங்க் மூடிக்குள் ரப்பர் இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். அது ஊதிப்போய், மூடியில் உட்காராமல் பிதுங்கி நின்றால், பிரேக் ஆயிலில் எஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டியரிங் ஆயிலோ கலந்திருக்கிறது. ஒரு ஸ்பூன் கலந்தாலும் ரப்பர் அத்தனையும் ஊதும். பைப்பை முழுக்கக் கழுவி, மாஸ்டர் கிட், காலிப்பர் கிட், பின் சக்கர சிலிண்டர் கிட், ஹோஸ் எல்லாம் மாற்றுவதைத் தவிர வழியில்லை. காலிப்பர் ரப்பரை டீசலிலோ பெட்ரோலிலோ கழுவக் கூடாது என்பதும் இதனால்தான். பிரேக் ஆயிலில் கழுவுங்கள்.

நிப்பிள் திறந்தும் விடாத பிரேக்கில், முதலில் பின்களைப் பாருங்கள். குடும்ப வண்டிகளில் பெரும்பாலும் காலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகர்வதுதான். பின் துருப்பிடித்து இறுகினால் உள்பேட் தேய்ந்து, வெளிப்பேட் தடிமனாக நிற்கும், அல்லது ஒரே பேட் ஆப்பு மாதிரி சாய்ந்து தேயும். பின்னைக் கழற்றும்போது மேல் எது, கீழ் எது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல வண்டிகளில் இரண்டும் ஒன்றல்ல. துளையைத் துடைத்து, சிலிக்கோன் பிரேக் கிரீஸ் மெல்லியதாகப் பூசுங்கள். சாதாரண வீல் கிரீஸ் வேண்டாம், ரப்பர் புஷ் ஊதும். பூசிய பின் கட்டைவிரலால் உள்ளே அழுத்துங்கள். விட்டதும் துள்ளி வெளியே வந்தால் உள்ளே காற்று அடைபட்டிருக்கிறது. பின்னை மூடும் ரப்பர் உறையின் உதட்டை லேசாகத் தூக்கிக் காற்றை விடுங்கள்.

அடுத்து பேட் காதுகள் உட்காரும் பிராக்கெட். ஸ்டீல் கிளிப்புக்கு அடியில் துரு செதில்செதிலாக ஏறி, கிளிப்பையே தூக்கிவிடும். ஏற்காட்டுப் பனியில் நாள்கணக்கில் நிற்கும் வண்டிகளில் இது சகஜம். அரத்தால் துருவை மட்டும் எடுங்கள். பேட் விரல் அழுத்தத்தில் நகர வேண்டும். சுத்தியல் கேட்டால் அது சரியில்லை.

பிஸ்டனைப் பின்னால் தள்ளும்போதும் நிப்பிளைத் திறந்து வைத்துத் தள்ளுங்கள், அழுக்கு ஆயில் மேலே போகாது. ஜி கிளாம்பில் சிரமமில்லாமல் உள்ளே போக வேண்டும். சதுர விளிம்புள்ள சீல்தான் பிஸ்டனைத் திரும்ப இழுக்கிறது, அதுவும் ஒரு மி.மீ.யில் சில பத்தில் ஒரு பங்குதான். டஸ்ட் பூட் (தூசி புகாமல் மூடும் ரப்பர் உறை) கிழிந்து ஓரத்தில் துரு வந்தாலே அந்த இழுப்பு தோற்றுவிடும். பிஸ்டன் மேல்பூச்சில் நகத்துக்குத் தட்டும் குழி இருந்தால் உப்புத்தாள் போட்டுப் பிரயோஜனமில்லை, பிஸ்டனையே மாற்றுங்கள்.

ஒருமுறை கொதித்த பிரேக்கில் ஆயிலை மாற்றாமல் விடாதீர்கள். டாட் 3 தர பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அந்த எல்லை 140 வரை இறங்கும். டாட் 4க்கு 230, 155. மலைக்கு டாட் 4. உடைத்த பாட்டிலைப் பல மாதம் வைத்திருந்து ஊற்றாதீர்கள், மிச்சமும் ஈரம் குடிக்கும். டிஸ்க்கில் நீலம் பாய்ந்திருந்தால் அதில் அடித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனோடு மைக்ரோமீட்டரில் ஒப்பிடுங்கள். அதே பக்க வீல் பேரிங் கிரீஸும் உருகியிருக்கலாம், சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

எல்லாம் மாட்டிய பின் பெடலைப் பலமுறை மிதித்து இறுக்கம் வந்த பிறகே வண்டியை நகர்த்துங்கள். புதுப் பேட் என்றால் 60 கி.மீ. வேகத்திலிருந்து 20 வரை எட்டுப் பத்து முறை, நடுவே ஆறவிட்டு மிதமாகப் பிடியுங்கள். அப்புறம் அதே மல்லூர் ரோட்டில் அதே சோதனை. இடதும் வலதும் 10-15 டிகிரிக்குள் வந்தால் மலைக்குக் கிளம்பலாம். ஏறி முடித்து ஏரிக்கரையில் இன்னொரு முறை அளந்துவிட்டு, இறங்கும்போது இரண்டாவது கியரைவிட்டு மேலே போகாதீர்கள்.