ராமேஸ்வரம் முதலில், மதுரை பிறகு: நாகர்கோவிலிலிருந்து ஒரு குடும்பப் பயணம்

மதுரையையும் ராமேஸ்வரத்தையும் ஒரே போக்கில் பார்த்துவிட்டு வரலாம் என்று முடிவானதும், எல்லாரும் போடுகிற கணக்கைத்தான் எங்கள் வீட்டிலும் போட்டோம். முதலில் மதுரை, மீனாட்சியைக் கும்பிட்டுவிட்டு ராமேஸ்வரம், அப்புறம் வீடு. வரைபடமும் அதையே சொல்லும். நாகர்கோவிலிலிருந்து மதுரை ஏறத்தாழ 240 கிலோமீட்டர், அங்கிருந்து ராமேஸ்வரம் இன்னொரு 170. ஆனால் ரயில் நேரம், கோயில் நடை சாத்தும் நேரம், தனுஷ்கோடிக்கு வண்டி விடும் நேரம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிப் பார்த்தபோது, தீவுக்கு முதலில் போய்விட்டு மதுரை வழியாகத் திரும்புவதே தோதாக இருந்தது.

காரணம் சாதாரணம்தான். மதுரையிலிருந்து நாகர்கோவிலுக்கு எந்நேரமும் ஏதாவது ஒரு வண்டி உண்டு. ரயில் இல்லையென்றால் மாட்டுத்தாவணியில் பஸ். ராமேஸ்வரத்திலிருந்து அப்படியில்லை. நேரடி ரயில் வாரத்தில் மூன்று நாள்தான். கடலில் காற்று பலமாக இருந்தால் பாம்பனில் ரயிலை நிறுத்திவைப்பதும் உண்டு. கடைசி நாளில் தீவில் மாட்டிக்கொண்டால் மறுநாள் ஆபீசுக்கு லீவு சொல்ல வேண்டும். தாமதம் வந்தால் நடுவில் வரட்டும், முடிவில் வேண்டாம் என்று நினைத்தேன்.

தேதி குறிப்பதில்தான் பெரிய இழுபறி. மறைந்த மாமாவுக்கு என் வீட்டுக்காரர் தர்ப்பணம் கொடுக்க வேண்டும் என்பதால் மாமிக்கு, அதாவது என் மாமியாருக்கு, அமாவாசையை விட மனசில்லை. "ராமேஸ்வரம் போறதே அமாவாசைக்குத்தான் மக்ளே. சும்மா ஒரு நாள்ல போய் முங்கிட்டு வர நம்ம ஊர்ல கடல் இல்லியா?" என்றார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஆடி அமாவாசைக்குக் கன்னியாகுமரியில் கூடுகிற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு, அதைப்போலப் பல மடங்கு கூட்டத்தில் இரண்டு வயதானவர்களையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிப்போகத் துணிச்சல் வரவில்லை. வீட்டுக்கு வரும் புரோகிதரிடமே விட்டுவிட்டேன். தீர்த்தத் தலத்துக்குப் போகிற நாளே திதிதான், தனியாக அமாவாசை பார்க்க வேண்டாம் என்று அவர் சொன்னதும் மாமி அடங்கினார்கள். நான் நூறு தடவை சொல்லியிருந்தாலும் எடுபட்டிருக்காது.

மழைக்காலத்தை ஒதுக்கினோம். ஐப்பசி, கார்த்திகையில் அந்தக் கரையில் புயல் பயம் இருக்கும். மே மாதம் பிள்ளைகளுக்கு லீவுதான் என்றாலும் தனுஷ்கோடி மணலில் அந்த வெயிலை நினைத்தே பார்க்க முடியாது. சித்திரைத் திருவிழா சமயத்தில் மதுரையில் ரூம் கிடைப்பதே கஷ்டம். கடைசியில் தைப்பூசம் கழிந்து, அமாவாசை இல்லாத ஒரு வார இறுதியோடு சேர்த்து லீவு போட்டோம்.

இனி டிக்கெட். கன்னியாகுமரியிலிருந்து இரவில் புறப்படும் ராமேஸ்வரம் எக்ஸ்பிரஸ் நாகர்கோவில் ஜங்ஷன் வழியாகத்தான் போகிறது. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயிலை நிறுத்திய பிறகு, தீவுக்குள் ரயிலே போகாமல் இருந்தது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்த பிறகுதான் இந்தப் பயணத்துக்கே அர்த்தம் வந்தது என்பேன். முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் திறக்கும். பழைய 120 நாள் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு தேட வேண்டாம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு, பலருக்குத் தெரிவதில்லை. 45 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கும் 60 வயதுக்கு மேற்பட்ட ஆண்களுக்கும் கீழ்ப் படுக்கைக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஒரு டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ இருந்தால்தான் அது பொருந்தும். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த வசதி போய்விடும். அதனால் அம்மாவுக்கும் மாமிக்கும் தனி டிக்கெட், எங்களுக்குத் தனி டிக்கெட் என்று போட்டேன். இருவருக்கும் கீழ்ப் படுக்கை கிடைத்தது. எங்களுக்கு வேறு பெட்டி என்றால் என்ன செய்வது என்று வீட்டுக்காரர் கவலைப்பட்டார். பெட்டி ஒன்றாகவே அமைந்தது, நல்லகாலம்.

தங்குமிடத்துக்கு ஆன்லைனில் படம் பார்த்து முடிவு செய்யாதீர்கள், போன் போட்டுக் கேளுங்கள். நான் கேட்டவை மூன்று: லிப்ட் இருக்கிறதா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, விடிகாலையில் வந்தால் ரூம் தருவீர்களா. ஒரு விடுதியில் மதியம் பன்னிரண்டுக்குத்தான் சாவி, முன்னால் வேண்டுமென்றால் இன்னொரு நாள் வாடகை என்றார்கள். இன்னொரு இடத்தில் நுழைகிற நேரத்திலிருந்து 24 மணி நேரக் கணக்கு. கோயில் ரத வீதிப் பக்கமே இரண்டாவதைப் பிடித்தோம். இரவு ரயிலில் போகிறவர்களுக்கு இந்த ஒரு கேள்வியில் நிறைய மிச்சமாகும்.

சாப்பாட்டுக்குப் புளியோதரை, நேந்திரங்காய் சிப்ஸ், ஒரு சீப்பு மட்டிப்பழம். மட்டிப்பழம் ராத்திரியிலேயே தீர்ந்துவிட்டது.

தீவில் இறங்கிய முதல் நாள் காலை அக்னி தீர்த்தம். வீட்டுக்காரர் தர்ப்பணம் முடிக்கும்வரை பிள்ளைகளை அலையில் நிற்க வைத்தோம். எங்கள் ஊர் அலையைப் பார்த்தவர்களுக்கு இது குளம் மாதிரிதான் தெரிகிறது. அப்புறம் ஈர உடையோடே கோயிலுக்குள் 22 தீர்த்தம். மகாலட்சுமி தீர்த்தத்தில் ஆரம்பித்துக் கோடி தீர்த்தத்தில் முடியும். கிணற்றுச் சுவர்மேல் ஏறி நிற்கிற ஆள், கயிறு கட்டிய வாளியை விட்டு, ஒரே இழுப்பில் தூக்கி, வரிசையில் நிற்பவர்கள் தலையில் வீசுகிற வேகத்தைப் பார்க்க வேண்டும். அடுத்த வாளி வருவதற்குள் நாம் நகர்ந்துவிட வேண்டும். கடல் இத்தனை பக்கத்தில் இருந்தும் தண்ணீர் கரிக்கவில்லை என்பதை மூத்தவன் ஒவ்வொரு கிணற்றிலும் நக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

கோயில் கவுண்டரில் டிக்கெட் வாங்கினால் போதும். வழியில் ஒருவர் தலைக்கு இவ்வளவு கொடுத்தால் வரிசையே இல்லாமல் முடித்துத் தருகிறேன் என்று விடாமல் கூடவே வந்தார். வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. வாளி இறைப்பவருக்கு நாமாக விரும்பிக் கொடுப்பது வேறு விஷயம்.

தரை முழுக்க வழுக்கும். அம்மாவுக்கு மூட்டுவலி. அதனால் முன்கூட்டியே பேசி வைத்திருந்தோம். அம்மா மாற்றுப்புடவைப் பையோடு பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பது, நாங்கள் முடித்துவிட்டு வந்ததும் கோடி தீர்த்தத்தைத் தலையில் தெளித்துக்கொள்வது. மாமி பிள்ளைகளுக்குச் சமமாக இருபத்திரண்டையும் முடித்தார்கள். ஈர உடையோடு சந்நிதிக்கு விட மாட்டார்கள், உடை மாற்ற இடம் இருக்கிறது. அம்மாவுக்கு அந்தக் காத்திருப்பில் வருத்தமே இல்லை. மூன்றாம் பிராகாரத்தில் 1212 தூண்கள் என்பார்கள். அந்த நீளத்தைக் கண் முடிவு காணாமல் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள்.

மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிவரை நடை சாத்தியிருக்கும். அந்த நேரத்தைத் தூக்கத்துக்குக் கொடுத்துவிட்டு, வெயில் கொஞ்சம் தாழ்ந்ததும் ஆட்டோ பிடித்துத் தனுஷ்கோடி போனோம். மாலையில் சீக்கிரமே வண்டிகளைத் தடுத்துவிடுவார்கள், சூரிய அஸ்தமனம் பார்க்கலாம் என்று கடைசி நேரத்தில் கிளம்பினால் பாதியில் திரும்ப வேண்டியிருக்கும். அரிச்சல்முனை வரைக்கும் இப்போது நல்ல ரோடு. நிழலும் குடிதண்ணீரும் நாமே கொண்டுபோனால்தான் உண்டு.

1964 டிசம்பர் 22 ராத்திரிப் புயலில் இந்த ஊர் அழிந்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலையும் பயணிகளோடு கடல் கொண்டுபோனது. இடிந்த சர்ச் சுவரின் நிழலில் நின்று மாமி சின்னவளிடம் எங்கள் ஊர்ப் பக்கத்து மணக்குடிப் பாலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். 2004 சுனாமியில் அந்தப் பாலம் பெயர்ந்து போனது. நாங்கள் அங்கே வந்ததே சுற்றிப் பார்க்கத்தான். ஆனாலும் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இடம் வெறும் செல்பி எடுக்கிற இடமாகத் தெரியாது என்றுதான் நினைக்கிறேன்.

மறுநாள் விடிகாலை ஸ்படிகலிங்க தரிசனம். அதற்கு ஐந்து மணிக்கு முன்னாலேயே வரிசையில் நின்றால் நல்லது. அது முடிந்து பேய்க்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம். 2017ல் திறந்தது. பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்திருந்தது, எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம் என்று பட்டது.

பாலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இரவு ரயிலில் போனால் பாம்பனைத் தாண்டும்போது இருட்டு, பிள்ளைகளும் தூக்கத்தில் இருப்பார்கள். பாலம் பார்க்கத்தான் அவர்களே வந்தார்கள். அதனால் திரும்பும்போது பகல் நேர மதுரை பாசஞ்சரை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தேன். பஸ்ஸில் போனால் 1988ல் திறந்த சாலைப் பாலத்திலிருந்து ரயில் பாலத்தைப் பார்க்கலாம், அதுவும் அழகுதான். ஆனால் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் கீழே தண்ணீரைத் தவிர ஒன்றும் தெரியாது. 1914ல் திறந்த பழைய பாலத்தில் கப்பல் வந்தால் நடுப்பகுதி இரண்டு கையாகப் பிரிந்து மேலே தூக்கும். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள துண்டு அப்படியே லிப்ட் மாதிரி செங்குத்தாக ஏறுகிறது, 17 மீட்டர் உயரத்துக்கு. நாங்கள் போனபோது கப்பல் எதுவும் வரவில்லை. வண்டி மெல்லத்தான் ஊர்ந்தது. பெட்டியில் பேச்சுச் சத்தம் முழுக்க நின்று, மண்டபம் பக்கம் தரை தெரிந்த பிறகுதான் மறுபடி டிபன் பாத்திரங்கள் திறந்தன.

இந்த ரயிலில் இன்னொரு லாபம். மதுரை மீனாட்சி கோயில் பன்னிரண்டரைக்குச் சாத்தி நாலு மணிக்குத்தான் திறக்கும். காலையில் மதுரை போய் அவதிப்படுவதைவிட மதியத்துக்கு மேல் போய் இறங்கி, ஜங்ஷன் பக்கம் ரூமில் பையைப் போட்டு, குளித்துவிட்டு சாயங்காலம் கோயிலுக்குப் போவது சுலபம். நடந்தே போகலாம். போனை உள்ளே விட மாட்டார்கள், ரூமிலேயே வைத்துவிட்டால் டோக்கன் வரிசை மிச்சம். நேரம் இருந்தால் இரவு பள்ளியறை பூஜை வரை இருங்கள். சொக்கநாதரைப் பல்லக்கில் மீனாட்சி சந்நிதிக்கு எழுந்தருளச் செய்வதைப் பார்த்துவிட்டு அம்மாவும் மாமியும் அன்றைக்குத்தான் முதல் தடவையாக ஒரே கருத்தில் பேசிக்கொண்டார்கள்.

மதுரையில் மறுநாள் காலை திருமலை நாயக்கர் மகாலும், தமுக்கம் பக்கத்துக் காந்தி மியூசியமும் பார்த்தோம். சுடப்பட்டபோது காந்தி உடுத்தியிருந்த துணி அங்கே இருக்கிறது. ஜிகர்தண்டாவை இரண்டு பாட்டிகளும் வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஆளுக்கு ஒரு கிளாஸ் குடித்தார்கள்.

காரில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. தூத்துக்குடி, சாயல்குடி வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நேராகவே தீவுக்குப் போய்விடலாம். போகிற வழியில் உத்தரகோசமங்கையும் திருப்புல்லாணியும் கிடைக்கும். திரும்பும்போது மதுரைக்கு முன்னால் கீழடி அருங்காட்சியகத்தையும் சேர்த்துக்கொள்ளலாம். ஓட்டுவதற்கு இரண்டு பேர் இருந்தால் நல்லது.