எடை குறைப்பு ஆபரேஷனுக்குப் பின் அல்வாவும் சொதியும்

இரைப்பையைச் சிறிதாக்கிச் சிறுகுடலோடு இணைக்கும் பைபாஸ் செய்தவரைப் படுக்க வைக்க நம்மூர் அல்வா ஒரு துண்டு போதும். சர்க்கரை சிறுகுடலுக்குள் சட்டென இறங்கி நீரை இழுக்கும். அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு. இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் செய்தவர்களுக்கும் வரலாம்.

தட்டில் முதலில் புரதம், நாளுக்கு 60 கிராமாவது. ஒரு முட்டையில் 6 கிராம்தான். குழம்பில் வெந்த மீன் எளிதாக இறங்கும்; காய்ந்த கோழிக்கறி அடைக்கும். சோறு பந்தாகி நிற்கும், கடைசியில் இரண்டு வாய் போதும். சொதியா? தேங்காயின் முதல் பாலைக் குறைத்து, பாசிப்பருப்பைக் கூட்டுங்கள். தண்ணீரோ, சாப்பாடு முடிந்து அரை மணி கழித்து, மடக்கு மடக்காக.

இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் 2 மணி நேர இடைவெளி வேண்டும். சேர்ந்தால் இரும்பு உடம்பில் சரியாக ஏறாது. டீயும் அப்படித்தான். வாந்தி தொடர்ந்தால் உடனே டாக்டரிடம் போங்கள்: தயமின் (வைட்டமின் பி1) குறைந்து நரம்பு கெடும்.