பழைய குணசேகரன், புது குணசேகரன்

சென்னையில் இரவு ஒன்பதரை என்றால் மலேசியாவில் நமக்கு நள்ளிரவு 12. அதனால் செந்தூல் வீட்டில் அம்மா சன் டிவியின் ‘எதிர்நீச்சல்’ தொடரைப் பார்ப்பது மறுநாள் பகலில்தான், மடியில் முருங்கைக்கீரையும் பக்கத்தில் ரிமோட்டுமாக.

2023 செப்டம்பர் 8, அதில் வில்லன் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து இறந்த செய்தி வந்தது. அதே தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில்தான் அவருக்கு உடம்புக்கு முடியாமல் போனதாம். அம்மா கீரையைக் கீழே வைத்துவிட்டு, "பாவம்யா, தினமும் திட்டிக்கிட்டே இருந்தேனே அந்த மனுசன" என்றார்.

ஆதி குணசேகரனை வெறுக்கும்படி எழுதியது எழுத்தாளர்கள். சரி. ஆனால் வெறுத்துக்கொண்டே ரசிக்க வைத்தது ‘இந்தாம்மா’ என்ற அந்த அதட்டல். அந்தத் தொனியை எந்தத் தாளில் எழுதுவது?

அடுத்து அந்த வேடத்துக்கு வந்தவர் வேல ராமமூர்த்தி. அவரே நாவலாசிரியர் (பேனா பிடித்தவரையே வில்லனாக்கிவிட்டார்கள்!). முந்தையவர் நக்கலில் மிரட்டினார், இவர் முறைப்பில் மிரட்டுகிறார். ஆள் மாறினால் வசனத்தையும் பிரித்துத் தைக்க வேண்டாமா? பல நாள் பழைய சட்டையையே இவருக்குப் போட்டுவிட்டதாக எனக்குத் தோன்றியது. 2024 ஜூனில் முதல் பாகம் முடிந்தது.

இப்போது இரண்டாம் பாகம். இன்னமும் அம்மா திட்டுகிறார், ஆனால் பழைய வேகம் இல்லை. நடுவில் எழுந்துபோய் உலையைப் பார்த்துவிட்டு வருகிறார்.