நட்சத்திரங்களைத் தூக்கியாயிற்று

தீவு ரிசார்ட்டுகளை ஒப்பிட்டுப் பார்க்க உதவும் எங்கள் இணையதளத்தை மாற்றியமைக்கும் வேலை நடக்கிறது. முதலில் தூக்கியது நட்சத்திர வரிசையை. எல்லாவற்றுக்கும் நாலரை நட்சத்திரம் என்றால் அதை வைத்து யார் என்ன முடிவெடுப்பது?

விமான நிலையத்திலிருந்து தீவுக்கு எப்படிப் போவது என்பதை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தோம். மாலத்தீவில் கடல் விமானங்கள் பகலில் மட்டும்தான் பறக்கும். அதில் மட்டுமே போகக்கூடிய ரிசார்ட்டில் அறை எடுத்துவிட்டு இரவில் வந்து இறங்கினால், மாலே பக்கம் தங்கி காலையில்தான் கிளம்ப வேண்டும். அந்த விமானக் கட்டணமும் லேசுப்பட்டதல்ல. இனி அறை வாடகையோடு அதையும் கூட்டித்தான் காட்டப்போகிறோம்.

அப்புறம் மழை. நாட்டுக்கு ஒரே வானிலைப் பக்கம் வைத்திருப்பது சுத்த அபத்தம். தாய்லாந்தின் புக்கெட்டில் மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம். அதே நாட்டின் கோ சமுய் தீவில் கனமழை கொட்டுவது அக்டோபர் முதல் டிசம்பர் வரை.

கரையிலிருந்தே நீந்திப் போய்ப் பவளப்பாறை பார்க்கலாமா, படகு வேண்டுமா என்று ரிசார்ட்டுகளிடம் கேட்டிருக்கிறோம். பலரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. சூரிய அஸ்தமனப் படங்கள் மட்டும் தவறாமல் வந்துகொண்டிருக்கின்றன.