பால் அட்டையின் பின்புறம்

நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராய்வதற்காகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் ஒரு மலைக்குள் அமைக்கத் திட்டமிட்ட ஆய்வகத்தைப் பற்றி மலையடிவார ஊர்களில் நடந்த கூட்டங்களில், ஆய்வாளர்களுக்கும் மக்களுக்கும் இடையில் நின்று பேசுவது என் வேலையாக இருந்தது. அவற்றில் ஒரு கூட்டத்தின் முடிவில் நான் குறுக்கிட்டது சரியா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

ஒரு பெரியவர் சட்டைப் பையிலிருந்து பால் சொசைட்டி அட்டையை எடுத்து, அதன் பின்புறத்தைத் திருப்பி எங்கள் ஆய்வாளரிடம் நீட்டினார். "எங்களுக்கு ஒண்ணும் ஆகாதுன்னு இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க சார், போதும்" என்றார். ஆய்வாளர் உடனே பேனாவைத் திறந்தார். அவருக்குத் தயங்கக் காரணமில்லை. நியூட்ரினோக்கள் நொடிக்குப் பல லட்சம் கோடியாக நம் உடலை ஊடுருவிச் செல்பவை; 1965-இலேயே கோலார் தங்கச் சுரங்கத்தின் ஆழத்தில், வளிமண்டலத்தில் உருவாகும் நியூட்ரினோக்கள் பதிவாகியுள்ளன; இங்கும் இயற்கையாக வருபவற்றைக் கவனிப்பதே திட்டம். ஆனால், "வேண்டாம் சார், ஐயா, இதை இவர் எழுதித் தர முடியாதுங்க" என்று நான் தடுத்தேன்.

பெரியவரின் கவலை துகளைப் பற்றியது மட்டுமல்ல. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை வடிகட்டச் சுற்றிலும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் பாறை வேண்டும் என்பதால்தான் அந்த மலையைத் தேர்ந்தெடுத்தார்கள். 50,000 டன் இரும்பாலான கருவியை உள்ளே நிறுவ, சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதையைப் பாறையை வெடிவைத்துக் குடைய வேண்டும். கிணற்று நீர், அதிர்வு, தூசி, ஆடுமாடு மேய்ச்சல் ஆகியவற்றுக்கெல்லாம் ஓர் இயற்பியலாளர் எப்படிப் பொறுப்பேற்பார்? அவர் துகளை நினைத்துக் கையெழுத்திடுவார். பெரியவர் தன் கிணற்றை நினைத்து வாங்கிக்கொள்வார்.

என் நியாயம் இதுதான். ஆனாலும் நான் பேசி முடிப்பதற்குள் பின்வரிசையிலிருந்து, "பாத்தீங்களா, கையெழுத்துப் போடமாட்டாங்க" என்று ஒரு குரல் எழுந்தது. பெரியவர் அட்டையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். அணுக்கழிவைப் புதைக்கத்தான் சுரங்கம் என்ற ஆதாரமற்ற பேச்சு அப்போது ஊரெங்கும் இருந்தது. அதையாவது அந்தக் கையெழுத்து அடக்கியிருக்குமோ? நியூட்ரினோவால் தீங்கில்லை, அணுக்கழிவு வைக்கப்படாது, வெடிவைப்பைப் பற்றி எனக்குத் தெரியாது என்று மூன்று வரியாக எழுதச் சொல்லியிருக்கலாம். மூன்றாவது வரி மற்ற இரண்டையும் விழுங்கியிருக்கும் என்றுதான் தோன்றுகிறது. ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் பெரியவர்தானே?

2017-இல் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தபோது, மதிகெட்டான் சோலை தேசியப் பூங்கா மிக அருகில் இருப்பதுதான் பெரிதாகப் பேசப்பட்டது. 2018-இல் மத்திய அமைச்சகம் மீண்டும் அனுமதி தந்தது. 2022-இல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் திட்டத்தை எதிர்த்தபோதும் காடும் புலிகளின் வழித்தடமுமே முன்நின்றன. நான் நினைத்தது சரிதான் என்று இதைக் காட்டி வாதிடலாம். அந்தப் பெரியவரிடம் போய் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இப்போதெல்லாம் எந்தத் திட்டமானாலும், மண்ணைத் தோண்டுவதற்குப் பொறுப்பான பொறியாளரும் வந்தால்தான் கூட்டம் என்று பிடிவாதம் பிடிக்கிறேன். அறிவியல் கூட்டம் மனுநீதி நாளாகிவிடுகிறது என்று ஆய்வாளர்கள் குறைப்படுகிறார்கள். அப்படி ஆவதும் உண்மைதான். ஆனால் பொறியாளர் வந்த கூட்டங்களிலும் இதுவரை யாரும் எதிலும் கையெழுத்துப் போட்டதில்லை.